விரல் காட்டிய மூன்று

செவ்வாய்க்கிழமை, மதியம்

என் வரைபடக்காரிக்கு,

இங்கே எல்லாம் சுகம். இப்படி நான் தொடங்கினால் அடுத்த பத்தியில் ஏதோ காத்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள் நீ.

பதறாதே. ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. ஆராய்பவனாக அல்ல, ஆராயப்படும் பொருளாக. இரண்டு வருடத்துக்கு முன்னால், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது என் இதயம் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்ததல்லவா? அன்றிலிருந்து அது பாதி மனதோடுதான் வேலை பார்க்கிறது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு அதில் குறை தெரியவில்லை. ஆனால் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், என்னைப் போன்ற இருபது பேரையும் நல்ல திடமான விளையாட்டு வீரர்கள் இருபது பேரையும் ஒரே மாதிரி சைக்கிளில் ஏற்றி, மூச்சையும் நாடியையும் அளக்கிறார்கள். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. சம்மதப் படிவம் இருபத்திரண்டு பக்கம். 'எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்' என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது. நம் கல்யாணப் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லையே என்று டெக்னீஷியன் அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல், "கையெழுத்து கீழ போடுங்க சார்" என்றார்.

அந்த அறையை நீ பார்க்க வேண்டும். சுவர் முழுக்க வெளிறிய நீலம். ஒரு நுரையீரல் படம். தலைகீழாக வளர்ந்த இரண்டு மரங்கள் போல இருக்கிறது. நடுவே சைக்கிள், சக்கரமே இல்லாதது. ஏறி உட்கார்ந்ததும் நெஞ்சில் ஒயர்களை ஒட்டுகிறார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து ரப்பர் மூடி ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். நான் உள்ளே இழுக்கும் பிராணவாயுவும் வெளியே விடும் கரியமில வாயுவும் ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் புள்ளிகளாக ஏறுகின்றன. நிமிடத்துக்கு அறுபது மிதி. நான்கு நிமிடம் போனதும் மின்விசிறிச் சத்தம் ஏதோ கடற்கரையிலிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. இருந்த இடத்திலேயே எவ்வளவு தூரம் போகிறேன் தெரியுமா?

மூடி போட்டவன் பேச முடியாது. அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை டெக்னீஷியன் அம்மா ஓர் அட்டையை நீட்டுவார். பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். பூஜ்யம் என்றால் 'சிரமமே இல்லை'. மூன்று, 'மிதமான சிரமம்'. ஐந்து, 'கடினம்'. பத்து, 'இதற்கு மேல் முடியாது'. எவ்வளவு சிரமம் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். நான் மூன்றில் வைத்தேன். ஒழுங்கான மனிதன் வைக்கக்கூடிய எண்ணாக அது ஒன்றுதான் எனக்குப் பட்டது.

இப்போது உன் விஷயம். ஆறு மாதத்துக்கென்று அந்த வெளியூர்ப் பள்ளிக்குப் போனாய். பார்வையில்லாத பிள்ளைகள் விரலால் படிக்க, நூலும் மணலும் அட்டையும் ஒட்டி வரைபடம் செய்து தர வேண்டும் என்றார்கள். ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. இப்போது மூன்று வருடத்துக்குப் படிவம் நீட்டுகிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய்: "நான் இல்லாம உங்களுக்குக் கஷ்டமா இருக்கா? உண்மையைச் சொல்லுங்க." பரவாயில்லை என்றேன். உன் இஷ்டம் என்றும் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன், பதிவுக்காக.

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. யாரும் பழுதுபார்க்கவில்லை, அதுவாகவே மனம் மாறிவிட்டது.

உன்,
தராசுக்காரன்


வெள்ளிக்கிழமை, காலை

வரைபடக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. "உன் இஷ்டம்னு சொல்றது பதில் இல்ல, பதில்லேர்ந்து தப்பிக்கிற வழி" என்று நீ எழுதியிருப்பதை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் அதில் எழுத்துப் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

சைக்கிள் அறையில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறாள். படகுப் போட்டியில் துடுப்பு போடுகிறவள், வீரர்கள் கட்சி. தோள் இரண்டும் அலமாரிக் கதவு மாதிரி. எனக்கு அடுத்த முறை அவளுடையது. அவளுக்கு நான் அங்கிள், எனக்கு அவள் துடுப்புக்காரி. அவள் சைக்கிள் ஏறினால் பக்கத்து அறைக்காரர்கள் கதவை மூடிக்கொள்வார்கள். மூடிக்குள்ளிருந்தே உறுமுவாள். அட்டையை நீட்டினால் ஒன்பதில் விரலைக் குத்துவாள். அடுத்த தடவை பத்து. இறங்கியதும், "செத்தேன் அங்கிள், கால் ரெண்டும் என்னோடது இல்ல" என்று ஊருக்கே அறிவித்துவிட்டு வாழைப்பழம் சாப்பிடுவாள். ஒன்பது சொல்வது அவளுக்குப் பெருமை. எனக்குப் பெருமை மூன்று. இதை ஆராயத்தான் இவ்வளவு பெரிய கருவியா என்று தோன்றியது.

இந்த மூன்றினால் புதன்கிழமை ஒரு சின்னச் சம்பவம். நான் நன்றாக இருக்கிறேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பயிற்சிக்கு ஒரு விதி உண்டு. சிரமம் நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சுமையைக் குறைப்பார்கள். நான்குக்குக் கீழே இருந்தால், இந்த ஆளுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று சுமையைக் கூட்டுவார்கள். நோயாளி காட்டும் எண்ணே இறுதியானது. நான் மூன்று வாரமாக மூன்றையே காட்டினேன். டெக்னீஷியன் அம்மாவும் மூன்று வாரமாகச் சுமையைக் கூட்டிக்கொண்டே வந்தார். ஒரு நாள் சந்தேகத்தோடு, "சார், திரையில உங்க மூச்சு ஏழு எட்டுன்னு சொல்லுது. விரல் மூணுங்குது. நான் எதை நம்பட்டும்?" என்று கேட்டார். விரலை நம்பும்படி சைகை செய்தேன்.

புதன்கிழமை சைக்கிள் மேட்டில் ஏறுவதுபோல் இருந்தது. நீலச் சுவர் ஈரமாகி மெதுவாக வழிந்து தரையானது. அந்தத் தலைகீழ் மரங்கள் நிமிர்ந்தன. பார்த்தால், நான் உன் வரைபடம் ஒன்றின் மேல் போய்க்கொண்டிருக்கிறேன். கடுகளவு மனிதன், கடுகளவு சைக்கிள். இடது பக்கம் நீ முறுக்கி ஒட்டிய நீல நூல், ஆறாக ஓடுகிறது. கரையில் பசை காய்ந்து பளபளக்கிறது. மணல் தூவிய சமவெளியில் சக்கரம் கரகரவென்று உருண்டது. அட்டையை அடுக்கடுக்காக வெட்டிச் செய்த மலைக்குப் படி வைத்திருந்தாய். வேறு ஒரு சத்தமும் இல்லை. வெயில் மட்டும் பால் போலப் பரவியிருந்தது.

அப்போது மேகம் மாதிரி ஒரு நிழல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன், உன் ஆட்காட்டி விரல். ஒட்டியது சரியாக இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பாயே, அப்படி ஆற்றைத் தொட்டுக்கொண்டு வந்தது. மலையைத் தொட்டது. என் மேல் வந்து நின்றது. இது என்ன, இங்கே ஒரு புள்ளி இருக்கிறதே, நான் வைக்கவில்லையே என்று யோசிப்பதுபோல் நின்றது. மணி அடித்திருக்கலாம். கத்தியிருக்கலாம். நான் மரியாதையாக 'மூன்று' என்றேன். தூசி என்று எண்ணிக்கொண்டு விரல் நகர்ந்துவிட்டது.

கண் திறந்தபோது கட்டிலில் கிடந்தேன், கால்கள் இரண்டும் தலையணை மேல். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியதைத் திரையில் பார்த்து டெக்னீஷியன் அம்மா சைக்கிளை நிறுத்துவதற்குள் நான் சாய்ந்துவிட்டேனாம். தாங்கிப் பிடித்தது துடுப்புக்காரி. "அங்கிள், நீங்க வெயிட்டே இல்ல, ரெண்டு துடுப்பு கனம்தான்" என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது. பெரிய டாக்டர் வந்தார். அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, திரையோடுதான் பேசுவார். மூன்று வாரத் தரவும் குப்பை, இவரை விலக்கிவிடலாமா என்று திரையிடம் கேட்டார். திரை பதில் சொல்லவில்லை.

கிளம்பும்போது டெக்னீஷியன் அம்மா என் பழைய வேலை என்னவென்று விசாரித்தார். எடை அளவு ஆய்வாளர் என்றேன். கடை கடையாகப் போய், தராசு உள்ளதைக் காட்டுகிறதா என்று சோதித்து முத்திரை குத்துகிறவன். குறைத்துக் காட்டினால் பறிமுதல் செய்கிறவன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூன்று வாரமாக அடக்கிய சிரிப்பெல்லாம் அப்போதுதான் வந்தது. துடுப்புக்காரி, "அப்ப உங்களைத்தான் அங்கிள் மொதல்ல பறிமுதல் பண்ணணும்" என்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு சரியாகச் சோதித்ததில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்க மாட்டேன். போனை எடுத்தால் என் வாய் தானாகவே 'பரவாயில்லை' என்று சொல்லிவிடுகிறது. காகிதத்தில் கொஞ்சம் தாமதம் இருக்கிறது. அந்தத் தாமதத்தில் ஏதாவது நல்லது நடந்துவிடுகிறது.

உன்,
தராசுக்காரன்


வியாழக்கிழமை, மாலை

என் வரைபடக்காரிக்கு,

இந்தக் கடிதம் மாதக் கடைசிக்குள் உன் கைக்கு வர வேண்டும் என்பதால் தபால் நிலையத்துக்கு நானே நடந்து போகப் போகிறேன். மெதுவாக. நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்து.

உன் பதிலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "கிளம்பி வரட்டுமா, வேண்டாமா?" உன் கையெழுத்து இவ்வளவு சாய்ந்து நான் பார்த்ததில்லை.

என்னை விலக்கவில்லை. டெக்னீஷியன் அம்மா பெரிய டாக்டரிடம், "சார், உண்மையைச் சொல்லத் தெரியாத ஆளுங்களுக்கும் இதயம் இருக்குல்ல, அவங்களையும் அளக்கத்தானே வேணும்" என்று கேட்டாராம். டாக்டர் அன்றைக்கு முதல்முறையாகத் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினார் என்று துடுப்புக்காரி சொன்னாள். நம்பிக்கையான சாட்சி அல்ல, இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்று எல்லாம் முதலிலிருந்து. அதே நீலச் சுவர், அதே மூடி. சுமையைப் பழைய இடத்துக்கு இறக்கி வைத்திருந்தார்கள். அட்டை வந்தது. விரல் பழக்கத்தில் மூன்றுக்குத்தான் போனது. அங்கே நின்றது. கூரையைப் பார்த்தேன், விரல் ஏதும் தெரியவில்லை. பிறகு நான்கைத் தாண்டி, ஐந்தைத் தாண்டி, ஆறில் வைத்தேன். அடுத்த முறை எட்டு. அடுத்தவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்ததுபோல் எனக்குக் கூச்சமாக இருந்தது. டெக்னீஷியன் அம்மா குமிழைத் திருப்பிச் சுமையைக் குறைத்தார், அவ்வளவுதான். உலகம் இடியவில்லை. என்மேல் யாருக்கும் மரியாதை குறைந்ததாகவும் தெரியவில்லை. மிதி இலேசானது. மின்விசிறியில் மறுபடி கடல் கேட்டது. எட்டு என்று சொன்னால் குறைத்துவிடுவார்கள் என்பது இவ்வளவு எளிய சங்கதியா? அறுபத்து மூன்று வயதில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது.

ஆகவே உன் கேள்விக்கு, சோதித்துப் பார்த்த தராசில் பதில்.

காலையில் நீ இல்லாதது நான்கு. செய்தித்தாள் இருக்கிறது, சமாளித்துவிடுவேன். மதியம் ஐந்து. மாலையில் உன் வேலை மேசைக்கு மேல் இருக்கும் விளக்கைப் போடும்போது எட்டு. அதை ஏன் போடுகிறேன் என்று கேட்காதே, தினமும் போடுகிறேன். மேசையில் உன் நீல நூல் கண்டு அப்படியே இருக்கிறது. முனை மட்டும் வெளியே நீண்டிருக்கிறது, ஆறு எங்கோ பாதியில் நின்றதுபோல். ஞாயிற்றுக்கிழமை போனை வைத்த பிறகு ஒன்பது. பத்து இன்னும் வரவில்லை. துடுப்புக்காரி போல எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

இதை வைத்து நீ என்ன முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளைகள் உன் ஆறுகளைத் தடவித்தான் உலகத்தில் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். படிவத்தில் கையெழுத்துப் போடு, அல்லது போடாதே. ஆனால் நான் மூன்று என்று நம்பிக்கொண்டு போடாதே. இவ்வளவு காலம் நான் மூன்று காட்டினேன், நீ அதை நம்பி மாதங்களைக் கூட்டினாய். தவறு கூட்டியவளுடையது அல்ல.

இன்னொன்று. தராசை மாற்றிவைத்த பிறகுதான் தோன்றியது. நீயும் ஒவ்வொரு ஞாயிறும் 'இங்கே ஒன்றும் குறையில்லை' என்றுதான் சொல்கிறாய். ஒரு முறையாவது அட்டையை உன் பக்கம் நீட்டினேனா?

டெக்னீஷியன் அம்மாவிடம் கேட்டு அட்டையின் நகல் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். பூஜ்யத்திலிருந்து பத்து வரை. எழுத வேண்டாம். உன் எண் எதுவோ, அதற்குப் பின்பக்கமிருந்து, நீ வரைபடத்தில் ஊர்களுக்குப் புள்ளி குத்தும் ஊசியால் ஒரு புள்ளி குத்தித் திருப்பி அனுப்பு. பிரித்ததும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பேன். இந்த முறை தூசி என்று எண்ணி நகர்ந்துவிட மாட்டேன்.

உன் விரல்களுக்குக் காயம் படாமல் இருக்கட்டும். பசை ஒட்டட்டும், ஆறுகள் சேர வேண்டிய இடம் சேரட்டும்.

ஊசி குத்தும்போது பதறாமல், உள்ளபடி குத்து.

உன்,
தராசுக்காரன்