கிழிந்த மேலங்கியும் பச்சை நூலும்

அகமதாபாத்

அன்புள்ள அப்பாவுக்கு, சிந்துஜா எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கருமத்தம்பட்டியில் நம் தறிகள் நிற்காமல் ஓடுகின்றனவா?

போன வாரம் இங்கே ஒரு சின்னச் சங்கதி. சாப்பாட்டு வேளையில் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, முப்பது வயதில் குழந்தைப் புத்தகமா என்று சிரித்தார். நம்மைப் போன்ற துணிக் கம்பெனிக்காரர்கள்தான் சார் இதைப் படிக்கணும் என்றேன். வேலை போகவில்லை, பயப்படாதீர்கள்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். இந்த வருடம் படித்த பதினொரு காமிக்ஸில் பத்து வெறும் பம்மாத்து. ஹீரோ நெருப்புக்குள் புகுந்து வருகிறார், மேலங்கியில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. தறிக்காரர் மகளிடமா இந்தக் கதை? பதினொன்றாவதில் மட்டும், சண்டை முடிந்து வந்த நாயகி தன் கிழிந்த மேலங்கியைத் தானே உட்கார்ந்து தைக்கிறாள். நான்கு பக்கம், ஒரு வசனம் இல்லை. அவளை நம்பினேன்.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க கண்ணு, உன்ற படப் புத்தகத்தையெல்லாம் அட்டாலில ஏத்திப்போடறேன்" என்று போனில் சொன்னீர்கள். பரணில் ஏற்ற வேண்டாம். முன்னறை அலமாரியிலேயே இருக்கட்டும். மாப்பிள்ளை ஒன்றை எடுத்துப் புரட்டினால் நான் லீவு போட்டு வருகிறேன். சிரித்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தறி ஓடும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்புங்கள். இந்த அறையில் சத்தமே இல்லை. கூடவே பச்சை நூல் ஒரு கண்டு. நீங்கள் நெய்து தந்த போர்வை ஓரத்தில் கிழிந்துவிட்டது. இங்கேயும் நூல் கிடைக்கும், ஆனாலும் நம் நூலையே அனுப்புங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. போர்வையை நானே தைத்துக்கொள்வேன்.

சிந்துஜா