அப்பாவுக்கு வந்த இரண்டு சதவீதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுக்கும் நேற்றிலிருந்து ஒன்றுமில்லை. உன் இருமல் விட்டதா, உடம்பு முழுக்க வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு ஆதிமனுஷர்களின் எலும்புத் தூளைச் சுரண்டுகிறவள் மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரியப்படுத்து. நீ மூன்று தடவை போன் செய்து "அம்மா, ரெண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகல, தனியா இருக்கியா?" என்று கேட்டாய், மூன்று தடவையும் நான் அடுப்பில் வேலை என்று வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் காது மந்தமானதிலிருந்து இந்த வீட்டில் போன் ஸ்பீக்கரில்தான் பேசும், அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நான் என்னத்தைச் சொல்ல. அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி, நடுவில் சிரிக்காதே, சிரிப்பதற்காக நான் எழுதவில்லை.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பிறந்தநாள் பரிசு என்று, பரம்பரை பார்க்கிற டி.என்.ஏ. சோதனைக்கு ஆளுக்கொரு எச்சில் குழாய் அனுப்பினாய். மற்றவர்கள் வீட்டுப் பெண்கள் சட்டை அனுப்புகிறார்கள், போகட்டும். பெரியப்பா பிறப்பு இறப்புப் பதிவு ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவராயிற்றே, விதிமுறைத் தாளை அடிக்கோடிட்டுப் படித்து, கோடு வரைக்கும் அளந்து துப்பி அன்றைக்கே அனுப்பிவிட்டார். உன் அப்பாவோ அரை மணி நேரம் டீ குடிக்காமல் இருக்க வேண்டும் என்றதுமே வாய் உலர்ந்துபோய், முக்கால் மணி நேரம் போராடி ஒரு வழியாக நிரப்பி, மூடாமல் கொள்ளாமல் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் ஏதோ பழைய மருந்துப் புட்டி என்று நினைத்து சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கவிழ்த்த பிறகுதான் அதன் மேல் அவர் பெயர் இருப்பதைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து உன் மாமா நம் ஃப்ரிட்ஜைப் பழுது பார்க்க வந்தான். அவனை உன் அப்பா கல்யாணம் ஆன நாளிலிருந்து 'குகைவாசி' என்றுதான் சொல்லுவார், முதுகில் முடியும் தனியாளாக ஃப்ரிட்ஜைத் தூக்குகிற கையுமாக அவன் இருப்பதும் அப்படித்தான். "டேய், இதுல துப்பு" என்றேன். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நிமிஷத்தில் நிரப்பிவிட்டு "போதுமாக்கா, இன்னும் வேணுமா?" என்றான். ஒட்டி அனுப்பிவிட்டேன். எச்சில்தானே, யாருடையதானால் என்ன என்று நினைத்தேன். நீ என்ன படித்தாய் என்று எனக்கு அவ்வளவுதான் புரிந்திருந்தது.

ரிப்போர்ட் வந்ததும் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. நியாண்டர்தால் என்கிற அந்தப் பழைய குகை ஜனங்களின் பங்கு இரண்டு சதவீதத்துக்கும் மேல், சோதித்தவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட அதிகம் என்று போட்டிருந்ததாமே. அதைப் பெரிதாக அச்சடித்து மூக்குக்கண்ணாடிக் கடைச் சுவரில், கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். கண்ணைக் காட்ட வந்தவர்களிடம் "கீழ் வரிசையைப் படிங்க" என்பார், அவர்கள் திணறும்போதே "அவங்களுக்கு மண்டை நம்மளவிடப் பெருசு, தெரியுமா?" என்பார். நம்மாட்கள் நடந்து நடந்து போய் அவர்களைச் சந்தித்தது, கலந்து பிள்ளை பெற்றது, பிறகு நாற்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கூட்டமே இல்லாமல் போனது, இன்னொரு இனத்தை ஒரு சின்னப் பெண்ணின் சுண்டுவிரல் எலும்பை வைத்தே கண்டுபிடித்தது, நீ எழுதியதெல்லாம் அவருக்கு மனப்பாடம். குறட்டையைப் பற்றி நான் முணுமுணுத்தால் "அது என் தப்பில்ல, ரொம்பப் பழைய தப்பு" என்பார். குளிருக்கென்றே செய்த உடம்பு என்று பச்சைத்தண்ணீரில் குளித்து ஒன்பது நாள் தும்மினார். தும்மிக்கொண்டே என் தம்பியைப் பற்றி, "எனக்கே ரெண்டுன்னா அவனுக்கு அம்பது இருக்கும்" என்றார். நான் ரசத்தைக் கிண்டிக்கொண்டே இருந்தேன், ரசத்தை யாராவது அவ்வளவு நேரம் கிண்டுவார்களா?

அப்புறம்தான் பெரியப்பா தன்னுடைய ரிப்போர்ட்டோடு வந்து நின்றார். மனுஷர் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கிறவர். உறவினர் பட்டியல் என்று ஒரு பக்கம் இருக்கிறதாமே, அதில் முகம் தெரியாத யார் யாரோ தூரத்துச் சொந்தமாக இருக்கிறார்கள், சொந்தத் தம்பி இல்லை. "டேய், நீ என் பட்டியல்ல இல்லடா" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. மூன்று நாள் கடை திறக்கவில்லை. உன் தாத்தாவின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நிற்பார். "என் மூக்கு அப்பா மூக்குதானே?" என்று கேட்டார், ஆமாம் என்றேன், "நீ பொண்டாட்டி, அப்படித்தான் சொல்லுவ" என்றார். சின்ன வயதில் பெரியப்பா அவரைச் சீண்டும்போதெல்லாம் 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்பாராம், எல்லா வீட்டிலும் சொல்கிற கேலிதான், அதை அறுபத்துமூன்று வயதில் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதற்கெடுத்தாலும் வாய் திறக்கிற எனக்கு அப்போது பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. மாமாவும் அவரும் முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். பயம் என்று கௌரவமாகச் சொல்கிறேன், கோழைத்தனம்தான்.

நேற்றுக் காலை அப்பா கடைச் சுவரிலிருந்து தாத்தாவின் படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். படத்தைப் பெரியப்பா மேஜையில் வைத்து, "இது உங்க அப்பா. என்கிட்ட இருக்கறது முறையில்ல" என்றார். பெரியப்பா படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், அப்புறம் அப்படி ஒரு கத்தல் கத்தினார் பார், ஜன்னலில் இருந்த பூனை குதித்து ஓடியது. "காகிதத்தைப் பத்தி எனக்கு நீ சொல்றியா? உசுரோட இருக்கறவன் செத்துட்டான்னு என் கையால எத்தனை சர்டிபிகேட் குடுத்திருக்கேன்! மூணு நாளா எனக்கும் தூக்கம் இல்லடா. நீ பொறந்தன்னைக்கு உன்னை மொதல்ல தூக்கினது நான். உனக்குத் தட்டம்மை வந்தப்போ விசிறினது நான். பட்டியல் போட்டவன் விசிறினானா?" என்றார். அப்பா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே "அப்போ அம்மாதான் நம்மகிட்ட எதையோ மறைச்சிருக்காங்க" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. என் மாமியாருக்கும் எனக்கும் ஆயிரம் மனஸ்தாபம் உண்டு, உப்பு டப்பாவை எங்கே வைப்பது என்பதற்கே நாலு வருஷம் சண்டை போட்டிருக்கிறோம், ஆனால் செத்துப்போன மனுஷி மேல் இந்தப் பழி விழ விடுவேனா. குழாய் கழுவியதிலிருந்து எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அப்பா மெதுவாக, "அப்போ அந்த ரெண்டு சதவீதம்?" என்று கேட்டார். "என் தம்பியோடது" என்றேன். பெரியப்பா சிரித்த சிரிப்பில் பல் செட் கழன்று கைக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு இல்லாமல் போன அண்ணன் திரும்பக் கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம், மண்டை பெருத்த முன்னோர்கள் கைவிட்டுப் போன துக்கம் ஒரு பக்கம், எந்த முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்து "சோப்புப் போட்டுமா கழுவின?" என்றார், அவ்வளவுதான் திட்டு.

சாயங்காலம் மாமாவைக் கடைக்கு வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னார். அவனுக்கு எதுவும் புரியவில்லை, "எச்சில் நல்லா இல்லையா மாமா?" என்று கேட்டான். கொஞ்ச நாளாக அவன் ஒயரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதை அப்பா கவனித்திருக்கிறார் போல, அவனைப் பிடித்து உட்காரவைத்துக் கண் பார்த்து, அந்தப் புருவ மேட்டுக்கு எந்த ஃபிரேமும் உட்காராததால் முக்கால் மணி நேரம் சூடு காட்டி வளைத்து வளைத்துப் பொருத்தினார். "கெட்டி எலும்பு" என்றார், கேலியாகச் சொல்லவில்லை. கிளம்பும்போது "பாத்துப் போ மச்சான்" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை. அவன் வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

அந்தப் பழைய ஜனங்கள் முழுசாக யாரிடமும் இல்லை, ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு துண்டு இருக்கிறது, எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறும் என்று நீ எழுதியதை ராத்திரி மறுபடி படித்தேன். எனக்கு ஒன்று தோன்றியது, தப்பாக இருந்தால் திருத்து. அந்தக் குகையில் வேறு மாதிரி முகத்தோடு ஒரு குழந்தை பிறந்தபோது, யாரோ ஒருவர் எதுவும் கேட்காமல் கையில் வாங்கியிருக்கிறார். அன்றைக்கு அவர்கள் ரிப்போர்ட் கேட்டிருந்தால் உனக்கு இன்றைக்கு உத்தியோகமே இல்லை.

நீ நூறு வயது நல்லபடியாக இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும். அடுத்த மாதம் குகைக்குப் போகும்போது தலைக்குக் குல்லாய் போட்டுக்கொள், மறக்காதே. இந்தக் கடிதத்தை அப்பாவிடம் படிக்கக் கொடுத்துவிட்டேன், இனி இந்த வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது. இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை திருத்தினார். 'அழுதார்' என்று இருப்பதை அடித்துவிட்டு 'கண் கலங்கினார்' என்று போடச் சொன்னார். நான் அடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா