சிவப்புப் புள்ளி வைத்த மூலை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஸ்டுடியோவில் ஒரு கூத்து. மருத்துவக் கல்லூரிக்கு எக்ஸ்ரே படங்களை ஸ்லைடாக்கித் தருகிறோம். ஸ்லைடைப் புரொஜெக்டரில் தலைகீழாகத்தான் செருக வேண்டும். அப்படிப் பிடிக்கையில் வலது கட்டைவிரல் படும் மூலையில் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டால், செருகுகிறவருக்குக் குழப்பமில்லை. நாற்பது ஸ்லைடுக்கும் நான்தான் வைத்தேன், என் இடது கட்டைவிரல் பட்ட மூலையில்!

செருகியவர் புள்ளி தன் வலது கட்டைவிரலுக்கு வரும்படி ஒவ்வொன்றையும் புரட்டிப் போட, திரையில் எல்லா நோயாளிக்கும் இதயம் வலது பக்கம் தெரிந்ததாம். வகுப்பே சிரித்ததில் டாக்டர் எங்கள் முதலாளியம்மாவைப் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன். முதலாளியம்மாவோ என் கையைப் பார்த்துவிட்டு, "இடது கையா? நான்தாம்மா கேட்டுட்டு சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து நாற்பதையும் என்னோடு சேர்ந்து திருத்தினார்.

எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. என் கையை மாற்றச் சொன்ன வாத்தியாரிடம், "எழுத்து நேராத்தானே சார் நிக்குது, விடுங்க" என்றீர்களே. அதற்கு நான் இன்றுவரை நன்றி சொன்னதில்லை அப்பா.

எனக்காக வாங்கிய இடது கைக் கத்தரிக்கோலை அனுப்புங்கள், இங்குள்ளது விரலை அறுக்கிறது. கூடவே நீங்களும் அம்மாவும் நிற்கும் படம் ஒன்று. நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நில்லுங்கள். ஸ்லைடாக்கி, ஆளுயரத்துக்குச் சுவரில் விழவைத்து, நான் வந்து நின்றுகொள்கிறேன்.

முதலாளியம்மா கூப்பிடுகிறார்.

உங்கள்
இடது கைக்காரி