சலீமின் கூபேயும் நான் எழுதாத வரியும்

செவ்வாய்.

சலீம் பார்த்துவைத்த இரண்டு கார்களில் வேகமானதை, இரண்டு கதவு கூபேயைத்தான் எடுக்கிறான். ஷோரூம் மேலாளர் மாலையில் போனில் உறுதி செய்தார்.

இறந்துபோன என் நண்பர் கரீமின் மகன் அவன். தினமும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும், ஞாயிறு சென்னை ரேஸ் ட்ராக்குக்கும் ஒரே கார் வேண்டுமாம். வேகம் கம்மியான மற்றதைச் சொல்லிப் பார்த்தேன்.

"இன்னா சாச்சா, பயமா? நான் ஒழுங்காதான் ஓட்றேன். அப்பா மட்டும் இன்னா தப்பு பண்ணாரு? லாரிக்காரன் வந்து இடிச்சான்" என்றான்.

கரீம் இறந்த பள்ளிகொண்டா விபத்தைப் பத்திரிகையில் செய்தியாக எழுதிய நிருபர் நான். லாரி ஓரமாக நின்றிருந்தது. கரீம்தான் அதிவேகத்தில் போய் மோதினார். அவர் மனைவி கெஞ்சியதால், 'காரும் லாரியும் மோதின' என்று மட்டும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சலீம் கார் வாங்கக் கையெழுத்துப் போடுகிறான். அதற்குள் அவனிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இன்றும் சொல்லவில்லை.