வேம்புலி காத்திருந்த இடங்கள்

ஜபல்பூர்
7-8-1988

அக்காவுக்கு கஜபதி எழுதுவது.

நலம். சப்பாத்தி தின்று தாடை வலிக்கிறது, மற்றபடி டெலிபோன் டிரெயினிங்கில் குறையில்லை. இன்லாண்டில் இடம் கம்மி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் விட்டுவிட்டு வந்த டேப் ரிக்கார்டரைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகிறாயா, பீரோ மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாயா? உன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைப் பிரித்தாலே வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று புலம்பினாயே. அதுங்களுக்குப் புத்தகம் என்றால் பயம், மெஷின் என்றால் ஆசை. நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தியைப் படிக்கவிட்டுப் பதிவு செய். மைக்குக்கு ஒரு ஜாண் தள்ளி உட்கார வை. தினமும் போட்டுக் காட்டு. படிக்காவிட்டால் என்னைக் கேள்.

மாமாவை வெயிலில் சைக்கிள் மிதிக்க வேண்டாம் என்று சொல்.

கஜபதி


பட்டாபிராம்
18-9-1988

அன்புத் தம்பி கஜபதிக்கு, அக்கா ஜெகதாம்பாள் எழுதியது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

நீ சொன்னபடி பதிவு செய்தேன். வேம்புலி என்று ஒரு பெண், எங்கள் வகுப்பு லீடர். அவள் ஒரு வரி படிப்பாள், மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். சொல்கிறவர்கள் நாலு பேர், மற்றதெல்லாம் வாயசைக்கும். சாப்பாட்டு மணி நேரத்தில் அவளை மட்டும் உட்கார வைத்து எறும்புப் பாடத்தைப் படிக்கச் சொன்னேன். அறையில் நானும் அவளும்தான். இருந்தும் ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்திக் காத்திருந்தாள். பாதிப் பாடத்தில் மணி அடித்துவிட்டது, எழுந்து ஓடிவிட்டாள்.

மஞ்சள் காமாலை, தம்பி. ஒரே வாரம். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

டேப்பைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. மதுரைவீரன்தான் கேட்டான். இரண்டு வருஷமாக அவன் படித்து நான் கேட்டதில்லை. "டீச்சர், அவள போடுங்க" என்றான். போட்டேன். அவள் ஒரு வரி படித்து நிறுத்தினாள். அந்த இடத்தில் அவள் மூச்சு கேட்கிறது, வளையல் மேஜையில் உரசுவது கேட்கிறது. மதுரைவீரன் வரியில் விரலை வைத்துச் சத்தமாகச் சொன்னான். ஏன்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ காத்துகினு கீறா டீச்சர். சொல்லலன்னா எப்டி?" என்றான். இப்போது எல்லோரும் படிக்கிறார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. தரையில் அவள் உட்காரும் இடத்தை விட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

அவள் அம்மா பொன்னியம்மா முன்பு நசரத்பேட்டைப் பக்கம் நாற்று நடப் போனவள், இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. மதிய ஷிப்ட் நாட்களில் ரயிலுக்குப் போகும் வழியில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போகிறாள். அந்தக் குரல் தனக்கும் வேண்டும் என்று கேட்டாள். ஆவடிக் கடையில் கொடுத்தால் மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவானோ என்று பயம். அதனால் பார்சலில் உனக்கு அனுப்புகிறேன். ஒரு நகல் எடுத்து இரண்டையும் பத்திரமாக அனுப்பு.

அக்கா


ஜபல்பூர்
2-10-1988

அக்காவுக்கு,

பெண் இறந்தது வருத்தம்தான். பார்சல் வந்தது. வேலை முடிந்தது, இரண்டு டேப்பும் இதோடு வருகின்றன.

நகல் மட்டும் எடுத்து அனுப்பியிருக்கலாம். கேட்டுப் பார்த்தால் பாதி டேப் சும்மா ஓடுகிறது. ஒரு வரி, அப்புறம் இரைச்சல், ஒரு வரி, அப்புறம் இரைச்சல். நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்தால் ஒவ்வொரு இடத்திலும் டக் டக்கென்று கேட்கும். அதனால் மூலத்தையே ஸ்க்ரூ கழற்றிப் பிரித்து, வெற்று இடங்களை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு ஒட்டினேன். ஒட்டு எங்கே என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது. அதிலிருந்துதான் நகல். இப்போது குரல் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

உன் வகுப்புக்கும் இதுதான் நல்லது. காக்க வைத்துக் காக்க வைத்தே அவர்களைச் சோம்பேறி ஆக்கியிருக்கிறாய். அவள் படிக்கப் படிக்கக் கூடவே ஓடட்டும், வேகம் தானாக வரும். அந்த அம்மாவுக்கும் வேண்டியது குரல்தானே, இரைச்சல் எதற்கு?

கஜபதி


பட்டாபிராம்
23-10-1988

கஜபதிக்கு,

டேப் வந்தது.

வகுப்பில் போட்டேன். முதல் வரிக்கு எல்லோரும் வாயைத் திறந்தார்கள். அதற்குள் அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். துரத்திப் பார்த்தார்கள். மூன்றாவது வரியில் ஒருவன் நிறுத்தினான், அப்புறம் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் படித்துக்கொண்டே போனாள். மதுரைவீரன் புத்தகத்தை மூடிவிட்டு, "டீச்சர், வேம்புலி நம்ம மேல கோச்சிகினாளா?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து யாரும் படிப்பதில்லை. டேப்பும் வேண்டாம் என்கிறார்கள். முன்பு வெறுமனே வாயசைப்பார்கள், இப்போது அதுவும் இல்லை.

பொன்னியம்மா தன் நகலைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். பக்கத்து வீட்டு மெஷினில் போட்டுக் கேட்டாளாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இன்னா டீச்சர் இது, நிக்கவே மாட்டேங்குது. எங்கியோ போவணும்னு அவசரமா படிச்சினு ஓடுது. ஆஸ்பத்திரில கடைசி நாளு இப்டித்தான் மூச்சு ஓடுச்சி. முன்ன ஜன்னலாண்ட நின்னா, ஒரு வரி சொல்லிட்டு எனக்கோசரம் நிக்கும். நானும் வாய்க்குள்ளயே திருப்பிச் சொல்லுவேன். எனக்குப் படிப்பு தெரியாது டீச்சர், அது சொல்லிக் குடுத்துனு இருந்துது."

இது எனக்குத் தெரியாது, கஜபதி. ஜன்னலுக்கு வெளியே அவளும் சொல்லிக்கொண்டிருந்தது இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

வெட்டிய துண்டுகளை என்ன செய்தாய்?

ஜெகதாம்பாள்


ஜபல்பூர்
6-11-1988

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். வெற்று டேப்பைப் பழையபடி இடையிடையே ஒட்டித் தருகிறேன், ஒரு நாள் வேலை என்று எழுதியிருந்தேன். எனக்கென்று எடுத்து வைத்திருந்த நகலில் ஒட்டியும் பார்த்தேன். நிறுத்தம் வருகிறது. அதில் அவள் இல்லை. அதைக் கேட்க உன் பிள்ளைகள் தேவையில்லை, எனக்கே தெரிகிறது.

துண்டுகளைக் குப்பைக்கூடையில்தான் போட்டிருந்தேன். ஹாஸ்டலில் பெருக்குகிறவர் எப்போதோ கொட்டிவிட்டார். பின்பக்கம் போய்க் கிளறினேன். அங்கே இல்லை, அறையில் என் மேஜைக் காலில் சுற்றிக்கொண்டிருந்த ஒரே ஒரு துண்டு மட்டும் கிடைத்தது. ஓடவிட்டேன். கேட்பதற்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன், ஆனால் மெஷினில் சத்தம் காட்டும் மீட்டரில் முள் லேசாக ஏறி இறங்குகிறது. அவள் மூச்சு விடுகிறாள்.

அக்கா, அறையில் நான் தனியாகத்தான் இருந்தேன். எந்த வரிக்குப் பிறகு வரும் துண்டு என்று தெரியவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் துண்டு முடிந்துவிட்டது.

அனுப்பட்டுமா? அதற்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதம் இல்லை. திட்டியாவது எழுது.

கஜபதி


பட்டாபிராம்
4-12-1988

கஜபதிக்கு,

அனுப்ப வேண்டாம்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை பொன்னியம்மா ஜன்னலுக்கு வரவில்லை, வாசலுக்கு வந்தாள். "உள்ள குந்தட்டுமா டீச்சர், ரயிலுக்கு நேரம் கீது" என்றாள். வேம்புலியின் இடம் காலியாக இருந்தது. நான் சொல்வதற்குள் பிள்ளைகளே நகர்ந்து அதை இன்னும் பெரிதாக்கினார்கள். உட்கார்ந்தாள். புத்தகத்தைக் கொடுத்தேன், தலைகீழாகப் பிடித்தாள், பக்கத்திலிருந்த பெண் திருப்பிக் கொடுத்தது.

எறும்புப் பாடத்தை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "மழை வருமுன் எறும்பு மண் சுமந்தது." நிறுத்தினாள். மகள் எவ்வளவு நேரம் நிறுத்துவாளோ அவ்வளவு நேரம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் அடுத்த வரிக்குப் போகவில்லை, காத்திருந்தாள். பின் வரிசையில் ஒரு குரல் வந்தது, அப்புறம் எல்லாக் குரலும் வந்தன.

அப்படியே மணி அடித்த இடம் வரைக்கும் வந்துவிட்டார்கள். அங்கே நின்றுபோனாள். "இதுக்கு மேல அது சொல்லலியே" என்று என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அதற்குள் மதுரைவீரன் எழுந்து நின்றுவிட்டான். விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, தப்பும் சரியுமாக, யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு வரியைப் படித்தான். படித்துவிட்டு நிறுத்தினான். அவளுக்காகக் காத்திருந்தான். அவள் சொல்ல ரொம்ப நேரம் ஆனது. சொன்னாள். அன்றைக்கு அவள் ரயிலை விட்டுவிட்டாள்.

வாரத்தில் இரண்டு நாளாவது வருகிறாள். இப்போது எட்டாம் பாடம்.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வீட்டுக்கு வா. மாமா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும் வர வேண்டாம். வேம்புலிக்குக் கோபமில்லை, டேப்பைத்தான் வெட்டிவிட்டார்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன், யார் வெட்டினது என்று கேட்டார்கள். என் தம்பி என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் துண்டை மறுபடி ஓடவிடாதே. ஓடவிட்டால், எதையாவது சொல்.

அக்கா