நரையன் இல்லாத செப்டம்பர்

செப்டம்பர் 4

நான் இருமவில்லை.

கீழே ஊர் மதுவிடுதியில் ஒரு வருடமாக அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். போன செப்டம்பரில் கேப்டன் தோருப் துப்பாக்கியைத் தோளில் வைத்த நேரம் பார்த்துக் கிழவி இருமினாள், கலைமான் ஓடிவிட்டது, பாவம் அந்த டென்மார்க்காரர் வெறுங்கையோடு ஊர் போனார் என்று. சமையல்காரி ஸென்ஸி இன்றைக்குத்தான் சொன்னாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல.

உர்சுலைன் மடத்துக் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். பெரிய பூசை முடியும்வரை இருமலை விழுங்கி வைத்திருக்கப் பழகியவள். அன்று வேட்டைப் பரணில் மூன்று பேர் இருந்தோம். ஒரு முனையில் கேப்டன், மறு முனையில் எங்கள் வேட்டைக்காவலன் வின்சென்ஸ், நடுவில் நான். குளிருக்குக் காதை மூடிச் சால்வை சுற்றியிருந்தேன். சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் சுடப்போகிறவர் இருமமாட்டார். நானும் இல்லை. மிச்சம் யார்? புகைபிடிக்கிறவன் அவன்தான். விடுதியில் கதை சொன்னவனும் அவனாகத்தான் இருக்கும்.

கேப்டன் பத்தொன்பதாம் தேதி வருகிறார், அந்த மானுக்காகவே. நரையன் என்று பெயர் வைத்திருந்தோம் அதற்கு. மே மாதம், பனிச்சரிவு இறங்கிய ஓடையில் அதைக் கண்டோம். எலும்பும் கொம்பும்தான் இருந்தன. கேப்டனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

செப்டம்பர் 6

வின்சென்ஸைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வந்த பிறகு சொல்லிக்கலாம்மா. இப்பவே சொன்னா மனுஷன் வர்றதை நிறுத்திடுவாரு."

"அது அவர் இஷ்டம்."

"நாம என்ன மானையா விக்கிறோம்? ஆசையைத்தான் விக்கிறோம். ஐயா காலத்துலயும் அப்படித்தானே."

லியோன்ஹார்ட் காலத்தில் அப்படி இல்லை. வேட்டைக்கு வந்த ஒவ்வொரு விருந்தினரிடமும் முதல் நாள் சாப்பாட்டு மேசையில் என் கணவர் அதே வார்த்தைகளைச் சொல்வார்: "நீங்கள் பணம் கொடுத்திருப்பது நடப்பதற்கும் காத்திருப்பதற்கும். மானுக்கு அந்த விஷயம் தெரியாது." அவர் போன பிறகு நான் சொல்கிறேன். சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். முதல் நாளே சுருங்கிவிட்டால் கடைசி நாள் என் வாசலில் நின்று யாரும் கத்துவதில்லை. வின்சென்ஸோ எல்லாரிடமும் "நாளைக்கு நிச்சயம்" என்பான், குழந்தைக்கு மிட்டாய் நீட்டுவதுபோல.

நானே எழுதிவிடுகிறேன் என்றேன்.

"நீங்க எழுதுவீங்க," என்றான். அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 9

எழுதினேன். "மதிப்பிற்குரிய கேப்டன்" வரைக்கும். பிறகு அது அடுப்புக்குப் போயிற்று.

மறைப்பதும் பொய்யே என்று ஒரு கட்டுரை எழுதி மடத்துப் பள்ளியில் பரிசு வாங்கியவள் நான். பரிசு ஒரு புனிதையின் படம். இன்னும் இருக்கிறது.

செப்டம்பர் 10

அவர் வராவிட்டால் என்ன ஆகிவிடும்? ஓர் அறை காலியாக இருக்கும். இந்த வீட்டில் காலி அறைக்கா பஞ்சம்? — எனக்கு என்ன.

செப்டம்பர் 13

மூடுபனி. வேலிக்கு அப்பால் எதுவும் இல்லை.

செப்டம்பர் 16

விடியும்போது ஒரு கனவு. நரையன் சாப்பாட்டு அறைக்குள் வந்து நின்றது. கொம்பு விளக்கில் பட்டுவிடக்கூடாது என்று தலையை மெல்லச் சாய்த்துக்கொண்டது. லியோன்ஹார்டுக்குக்கூட அந்த நிதானம் இருந்ததில்லை. எத்தனை தடவை இடித்துக்கொண்டிருக்கிறார். அதன் முதுகில் பனி இருந்தது, உருகவே இல்லை. நான் எழுந்து இன்னொரு தட்டு வைத்தேன். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே உண்மையாகவே ஒரு மான் முழங்கிக்கொண்டிருந்தது. இந்த இலையுதிர் காலத்தின் முதல் குரல். இளசு. குரலில் இன்னும் கனம் ஏறவில்லை. ஆனாலும் வெள்ளை வெளேரென்ற அந்த மூடுபனிக்குள் யார் குரலாகவும் இருக்கலாம்போல இருந்தது. நான் கொஞ்ச நேரம் அப்படியே இருக்க விட்டேன்.

செப்டம்பர் 19

வந்துவிட்டார். அதே நீலத் தொப்பி, அதே பெட்டி. ஆயுள் முழுக்கப் பயணிகள் கப்பல் ஓட்டிய மனிதர். எங்கள் மாடிப்படியைக்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அலையில் ஏறுவதுபோலத்தான் ஏறுவார். எனக்கு அந்தக் கறுப்பு அதிமதுர மிட்டாய் கொண்டுவந்திருக்கிறார். உப்புப் போட்டது. மிட்டாயில் உப்புப் போடும் நாட்டைப் பற்றி என்ன சொல்ல. ஒன்று தின்றேன். பிறகு இன்னொன்று.

சாப்பாட்டு மேசையில் லியோன்ஹார்டின் வார்த்தைகளைச் சொன்னேன்.

"மூணாவது வருஷமா கேக்கறேன், அம்மணி," என்று சிரித்தார். "மானுக்குத் தெரியாது, சரி. நரையனுக்குத் தெரியுமே, நான் வருவேன்னு."

வின்சென்ஸ் தன் சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும்தான்.

செப்டம்பர் 20

சொல்லவில்லை.

செப்டம்பர் 22

ஆத்திரமாக வருகிறது. எழுத்து கோணுகிறது, பரவாயில்லை.

மூன்று நாளாக மூடுபனியில் ஒன்றும் தென்படவில்லை. இன்று மாலை இருவரும் மலையிலிருந்து இறங்கி வந்தபோது கேப்டனின் முகம் விளக்கேற்றினதுபோல இருந்தது. தொப்பியைக் கழற்றக்கூட மறந்துவிட்டார்.

"கேட்டுட்டேன், அம்மணி. மேல் காட்டுல. நரையன் குரல். வின்சென்ஸும் அதேதான்னு சொல்றாரு."

நான் வின்சென்ஸைப் பார்த்தேன். அவன் பூட்ஸைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான்.

சமையலறையில் பிடித்துக்கொண்டேன். செத்த மானைக் குரல் கொடுக்க வைத்தாயா?

"அவரே கேட்டாரும்மா, 'அவன்தானே, அவன்தானே'ன்னு. அந்த மூஞ்சியைப் பாத்து எப்படிம்மா இல்லைங்கறது? நீங்க சொல்லியிருக்கலாம்ல. பதினேழு வாரமா... என்கிட்ட பாயறீங்க."

வாரங்களை எண்ணி வைத்திருக்கிறான். கூட்டல் சரிதானா என்று பார்க்கக்கூட எனக்குத் துணிவில்லை.

ஸென்ஸி கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒரே பொய்யைத்தான் சொல்லியிருக்கீங்க. அவன் வாயால சொன்னான், நீங்க வாயை மூடிட்டு சொன்னீங்க. சூப் ஆறுது."

நாளை நான் மேலே போகிறேன்.

செப்டம்பர் 23

வீட்டுக்கு உரியவர் விருந்தினருடன் பரண் ஏறுவது கடைசி விடியலில்தான். லியோன்ஹார்ட் வைத்த வழக்கம் அது. "இன்னிக்கு கடைசி நாள் இல்லையேம்மா," என்றான் வின்சென்ஸ். அவனைக் கீழே ஓடைப் பாலத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டேன்.

பரணில் நானும் அவரும். கீழே பள்ளத்தாக்கு இல்லை. பால் நிறைத்த கிண்ணம் போல ஒரு வெண்மை, அதில் தேவதாரு மரங்களின் நுனிகள் மட்டும் மிதந்தன. "கடல் மாதிரி இருக்கு," என்று கிசுகிசுத்தார். எனக்குக் கடல் தெரியாது. அவர் சொன்னதால் தெரிந்ததுபோல இருந்தது. எங்கள் முழங்கால்கள் மேல் ஒரே கம்பளி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. பேசாமலே இருந்திருந்தால் இன்னும் இருந்திருக்கலாம்.

அப்போது வெண்மைக்குள்ளிருந்து முழக்கம் வந்தது.

அவர் என் கையைத் தொட்டார். "அவன்தான்."

"அவன் இல்லை," என்றேன். "அவன் மே மாசமே செத்துட்டான். பனிச்சரிவு. இது வேற ஒண்ணு, இளசு."

அவர் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். சுடுவதற்கு எதுவும் இல்லாதபோதும் அதை ஒழுங்காகச் செய்தார், கவனித்தேன்.

"எனக்கு ஏன் எழுதலை?"

வின்சென்ஸ் வேண்டாமென்றான் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும்கூட. சொல்லவில்லை.

"எழுத உக்காந்தேன். எழுதினா உங்க அறை காலியா இருக்கும்னு தோணுச்சு."

தோட்டா போட்ட பையை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு, சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"போன வருஷம் இருமினது யாருன்னு நெனைக்கறீங்க, அம்மணி?"

"வின்சென்ஸ்."

"நான்."

நான் திரும்பி அவரை நேராகப் பார்த்தேன்.

"துப்பாக்கி முனையில நிக்கறான், அசையாம. சுட்டா விழுவான். விழுந்துட்டா அடுத்த செப்டம்பர் என்ன சொல்லிக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றது? அதான்."

ஒரு வருடம். ஒரு வருடம் அந்தப் பழியை நான் சுமந்திருக்கிறேன். அதைத்தான் முதலில் சொன்னேன்: விடுதிக்குப் போய், எல்லார் முன்னாலும், இருமினது நீங்கள்தான் என்று சொல்ல வேண்டும் என்று.

"உத்தரவு," என்றார்.

செப்டம்பர் 24

ஓடைக்கு அழைத்துப்போகச் சொன்னார். மூவரும் போனோம். கொம்புகளை மே மாதமே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம். மற்றதெல்லாம் அங்கேயே, புல் முளைத்துக் கிடக்கிறது. அப்போதே நான் ஒரு தேவதாருக் கிளையை அதன் தாடையில் வைத்திருந்தேன். செத்த மானுக்குக் கடைசிக் கவளமாக ஒரு கிளை வைக்காமல் எங்கள் ஊரில் யாரும் திரும்புவதில்லை. அன்று வைத்தது காய்ந்து பழுப்பாகியிருந்தது.

புதிதாக ஒன்று ஒடித்தேன். பாதியைத் தாடையில் வைத்தேன். மறு பாதி சுட்டவருக்கு, அதுதான் முறை. இங்கே சுட்டவர் யாருமில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முறை தவறி எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை.

பிறகு அவரிடம் நீட்டினேன்.

கேப்டன் அதை வாங்கித் தொப்பியில் செருகினார். இடப்பக்கம். சுட்டவன்தான் வலப்பக்கம் வைப்பான், இடப்பக்கம் துக்கத்துக்கு. லியோன்ஹார்டை அடக்கம் செய்த அன்று ஊர் முழுவதும் இடப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் சொல்லவில்லை.

இறங்கும்போது அவர் மெதுவாகவே நடந்தார். சிரிப்பெல்லாம் நேற்றோடு சரி. நடுவில் ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தார். "இன்னொரு தடவை பாக்கணும்னு இருந்தேன்," என்றார். "சும்மா பாக்க." ஏமாற்றம் தாங்கச் சொல்லி எத்தனையோ பேருக்கு உபதேசம் செய்தவள் நான். அவர் பக்கத்தில் நின்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

செப்டம்பர் 25

விடுதிக்குப் போய்ச் சொன்னாராம். ஸென்ஸியின் தங்கை அங்கே பரிமாறுகிறாள். அவள் மூலம் வந்தது இது.

முதலில் தொப்பியைப் பார்த்துவிட்டு யார் செத்தது என்று கேட்டிருக்கிறார்கள். இவர் எழுந்து நின்று, போன வருடம் இருமியது நான்தான், அந்த அம்மாள் இல்லை என்றாராம். பிறகு விடுதிக்காரன், "பெரிய மனுஷன்யா. அந்தம்மாவுக்காகப் பொய்கூட சொல்றாரு பாரு," என்று ஒரு கோப்பை பேரிக்காய்ச் சாராயம் ஊற்றிக் கொடுத்திருக்கிறான்.

ஆக, இனி நான் இருமினவள் மட்டுமில்லை.

செப்டம்பர் 26

போய்விட்டார். கடைசி விடியலில் பரண் ஏறவில்லை. "அதை முன்னாடியே ஏறிட்டோமே," என்றார். வின்சென்ஸ் பெட்டை மான் ஒன்றாவது சுட்டுக்கொண்டு போங்களேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். நரையனின் கொம்புகளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதுவும் வேண்டாமாம். "அது இருக்கற இடத்துல இருக்கட்டும்."

ஒவ்வொரு வருடமும் வண்டியில் ஏறும்போது "அடுத்த செப்டம்பர், அம்மணி" என்பார். இந்தத் தடவை தொப்பியைத் தொட்டார், அவ்வளவுதான். கிளை இன்னும் இடப்பக்கமே இருந்தது.

நான் கேட்கவில்லை. வருவீர்களா என்று ஒரு விருந்தினரிடம் நான் கேட்டதே கிடையாது.

செப்டம்பர் 29

அறையைச் சுத்தம் செய்தேன். ஸென்ஸியை விடவில்லை. கட்டிலுக்கடியில் ஒரு கறுப்பு மிட்டாய்.

அக்டோபர் 2

மான்கள் அடங்கிவிட்டன. வீடு காதை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நேற்றுப் பகலில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன். கப்பல் ஒன்று தேவதாரு நுனிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் போனது. மேல்தளத்தில் நரையன் நின்றிருந்தது, காற்றுக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு.

அக்டோபர் 5

இதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தால் நாளை நல்ல தாளில் எழுதித் தபாலில் சேர்ப்பேன்.

மதிப்பிற்குரிய கேப்டன் தோருப்,

மே மாதம் எழுதியிருக்க வேண்டியதை எழுதவில்லை. அதனால் இப்போது எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த செப்டம்பரில் இங்கே சுடத் தகுந்த மான் இருக்காது. நீங்கள் குரல் கேட்ட அந்த இளமான் முதிர்வதற்கு இன்னும் பல வருடங்கள் ஆகும். அதை நீங்களோ நானோ பார்ப்போம் என்று நான் சொல்லமாட்டேன். மூடுபனி இருக்கும். வின்சென்ஸ் நாளைக்கு நிச்சயம் என்பான், நம்ப வேண்டாம். ஸென்ஸியின் சூப்பில் உப்பு கூடுதலாகத்தான் இருக்கும். பரணில் நாம் இரண்டு பேர் உட்காரலாம். நான் வாக்களிக்கக்கூடியது அது ஒன்றுதான்.

இருமுவதற்கு இனி அவசியம் இல்லை.

வருவீர்களா? தொலைபேசியில் வேண்டாம். எனக்குக் காது மந்தம் என்று ஊரில் சொல்வது பொய். ஆனாலும் இதை எழுத்தில் பார்க்க விரும்புகிறேன். தயவுசெய்து எழுதிப் பதில் அனுப்புங்கள்.

வால்புர்கா