இரண்டு பேரும் வரணும்

19 ஜனவரி 2025, ஞாயிறு

தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வந்ததும் கணக்குகளை மேசையில் பரப்பி உட்கார்ந்தேன். ஜனவரி தவறாமல் செய்கிற வேலை. வெளிநாட்டில் இருப்பவன் பணத்தை எங்கே வைப்பது என்று யாராவது கேட்டால் அரை நாள் பேசுவேன். யாரும் கேட்பதில்லை. இங்கே நல்ல லாபம் தருகிற நிதிகள் குடிமக்களுக்கு மட்டும். பங்குச் சந்தை என் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது. ஊரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கில் போட்டால் வட்டி இங்கே கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு. ரூபாய் சரிகிறது, திரும்ப மலேசிய வெள்ளியாக மாற்றினால் நஷ்டம் என்கிறார்கள். நாங்கள் எதற்கு மாற்றப்போகிறோம்? எப்படியும் ஊருக்குத்தானே போகிறோம்.

ஜூலியானா காப்பியை வைத்துவிட்டு, "நம்ம பணம் பூரா ஊர்ல குடியிருக்கு. நாமதான் இங்க குடியிருக்கோம்" என்றாள். பினாங்குக்கு வந்த பதினான்கு வருடமாக இதே கிண்டல். தூத்துக்குடியில் அண்ணன் மேற்பார்வையில் வீடு எழும்புகிறது, எனக்கு அறுபது ஆனதும் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு அங்கே போகிறோம் என்று தெரிந்துதான் பேசுகிறாள்.

வயிற்றுவலி என்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

28 ஜனவரி

வலி விடவில்லை. ஓமத்தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. சீனப் புத்தாண்டு லீவு முடிந்ததும் டாக்டரிடம் போக வேண்டும்.

17 பிப்ரவரி, திங்கள்

கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் போயிருக்கிறது.

18 பிப்ரவரி

டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் வருடம் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. மாதம், மாதம் என்றே பேசுகிறார். சிகிச்சை ஒத்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் கூடலாம் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். சரியாகச் சொல்ல முடியாது என்றார். தோராயமாகச் சொல்லுங்கள் என்றேன். ஜூலி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

வெளியே வந்ததும், "டாக்டர்கிட்ட போய் பேரம் பேசுதீங்களே" என்று சிரித்தாள். எப்படிச் சிரிக்க முடிகிறது இவளால்? எனக்குப் பொறுக்கவில்லை. காரில் ஏறியதும் அழுதுவிட்டேன். அவள்தான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

2 மார்ச், ஞாயிறு

அண்ணன் போன் பண்ணினார். "கூட்டிட்டு வந்துருலே. மாடிதான் முடியலை, கீழ தாராளமா இருக்கலாம்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஜூலி மாட்டேன் என்கிறாள். "எனக்கு எதுவும் ஆச்சுன்னா இங்கயே வச்சிருங்க. கோயில்ல பாட்டு சொல்லிக்குடுத்த பிள்ளைகளாவது வந்து நிப்பாங்க."

கோபம் வந்துவிட்டது. அப்புறம் அந்த வீடு யாருக்கு என்று கேட்டேன்.

"நானா கேட்டேன்?" என்றாள். சத்தம் போடாமல், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

12 மார்ச், புதன்

இங்குள்ள டெபாசிட் ஒன்று முதிர்ந்திருந்தது. வழக்கமாக ஊருக்கு அனுப்பிவிடுவேன். இந்த முறை வைத்தியச் செலவு இருப்பதால் இங்கேயே இருக்கட்டும் என்று, ஜூலி பெயரையும் சேர்த்துப் புதிதாகப் போடப் போனோம். பீச் ஸ்ட்ரீட் வங்கியில் எங்களுக்கு எப்போதும் ஷர்மினிதான். மரியாதையான பெண்.

"வில்லியம் அங்கிள், எத்தனை மாசம் போடலாம்? இப்ப மூணு மாசத்துக்கும் பன்னெண்டு மாசத்துக்கும் ரேட்டு ரொம்ப வித்தியாசம் இல்ல லா" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜூலி, "மூணு மாசம் போடும்மா" என்றாள். இத்தனை வருடத்தில் என் டெபாசிட் விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்லாதவள். ஷர்மினிக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாதம் என்றால் அவள் இருப்பாள். வந்து கையெழுத்துப் போடுவாள். பணம் சிக்கலில்லாமல் என் கைக்கு வந்துவிடும். இந்தக் கணக்கை எப்போது போட்டாள்?

"பன்னிரண்டு மாசம்" என்றேன்.

"எடுக்க வரும்போது யாராவது ஒருத்தர் சைன் போதுமா, ரெண்டு பேரும் வரணுமா?" என்று ஷர்மினி கேட்டாள்.

"ரெண்டு பேரும் வரணும்."

"ஒருத்தர்னு வச்சுக்குங்க அங்கிள். அவசரத்துக்கு ஈஸி."

எனக்குத் தெரியாதா? ஃபேக்டரியில் புதிதாக வருகிறவனுக்கெல்லாம் நான் சொல்லுகிற முதல் புத்திமதியே அதுதான். கல்யாணமானவனா, 'யாராவது ஒருவர்' என்று போடு. "இல்லம்மா. அடுத்த வருஷம் இதே நாள் நாங்க ரெண்டு பேரும் வருவோம்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். பக்கத்துக் கவுண்டரில் திரும்பிப் பார்த்தார்கள். ஜூலி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

படியிறங்கும்போது, "உங்களுக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "சரி. வரப் பாக்கேன்" என்றாள்.

நோன்பு மாசம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தோம். கஞ்சி ஊற்றுகிற ஷேக் அலாவுதீனுக்கு வருடா வருடம் எங்களைப் பார்த்துப் பழக்கம். அக்காவுக்கு என்று ஒரு கரண்டி கூடவே ஊற்றினார். வீட்டில் வந்து அரைக் கிண்ணம் குடித்தாள். இந்த வாரத்தில் அவள் சாப்பிட்ட சாப்பாடு என்றால் அதுதான்.

9 ஏப்ரல்

இரண்டாம் முறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டுகிறது. எதிர்வீட்டுக் காமினி வந்து தலையை ஒட்ட வெட்டிவிட்டாள். "ஆன்ட்டி, உங்களுக்கு இது ஸ்டைலா இருக்கு லா" என்று சொல்லிவிட்டு, எங்கள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவைத்து அழுதாள்.

12 ஜூன்

அவள் கேட்டபடி மூன்று மாதம் போட்டிருந்தால் டெபாசிட் இன்று முதிர்ந்திருக்கும். காலையில், "பாத்தியா?" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று உடனே புரிந்துவிட்டது அவளுக்கு. "இன்னும் ஒம்பது மாசம் கிடக்கே" என்றாள்.

27 ஜூலை, ஞாயிறு

பூசைக்குப் போக முடியவில்லை. பாட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து பாடினார்கள். ஒரு பையன் சுருதி விலகியதும் படுத்தபடியே கையைத் தூக்கி நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து.

19 ஆகஸ்ட், செவ்வாய்

கம்பெனி இன்சூரன்ஸ் வரம்பு தாண்டிவிட்டது. இதை ஜூலியிடம் சொல்லியிருக்கக் கூடாது.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் நீலப் புடவை கட்டிக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காமினியிடம் காரையும் கேட்டு வைத்திருக்கிறாள். "வாங்க, இன்னைக்கே போய் அந்த டெபாசிட்டை உடைச்சிருவோம். ஒரு மணி நேரம் என்னால உக்கார முடியும். அப்புறம் முடியாது" என்றாள்.

வேண்டாம் என்றேன். ஊரில் மாடிக்கென்று வைத்திருக்கிற டெபாசிட்டை உடைத்துக்கொள்கிறேன் என்றேன். முதிர்வதற்கு முன் ஒரு டெபாசிட்டையும் நான் உடைத்ததில்லை, அது அவளுக்குத் தெரியும். அவள் பணத்தைப் பற்றியே பேசவில்லை. "நான் போனதுக்கு அப்புறம் கோர்ட்டு, கச்சேரின்னு அலைவீங்களே. உங்களுக்கு அதுக்கெல்லாம் பொறுமை கிடையாதே" என்றாள்.

அவள் சொன்னதுதான் நியாயம். ஆனாலும் கூட்டிப்போகவில்லை. அந்தக் கையெழுத்துக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளோ? போட்டுவிட்டால் அவ்வளவுதானோ? படித்தவன் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் பயமாக இருந்தது, என்ன செய்ய. ரொம்ப நேரம் அந்தப் புடவையோடு நாற்காலியிலேயே இருந்தாள். பிறகு காமினி வந்து உள்ளே கூட்டிப்போனாள்.

22 ஆகஸ்ட்

மாடி டெபாசிட்டை உடைத்தாயிற்று. வட்டியில் பாதி போயிற்று. வலிக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் தெரியவில்லை.

3 செப்டம்பர், புதன்

ஜூலி காலையில் போய்விட்டாள்.

6 செப்டம்பர், சனி

இங்கேயே அடக்கம் செய்தோம். பிள்ளைகள் வந்து நின்றார்கள், பாடினார்கள். சுருதி விலகியது. நிறுத்த ஆள் இல்லை.

16 நவம்பர்

அண்ணன் மறுபடி போன். "எப்பம்ல வாரே? அங்க யாரு இருக்கா ஒனக்கு?"

மாடி வேலையை நிறுத்திவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். செலவுக்குத் தட்டுப்பாடா என்று கேட்டார். இல்லை என்றேன். கீழ்வீட்டில் அவரே இருந்துகொள்ளட்டும் என்றும் சொன்னேன்.

ஒரு வக்கீலிடமும் கேட்டு வைத்தேன். வங்கிக்கு இறப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், உடனே டெபாசிட்டை முடக்கிவிடுவார்கள், கோர்ட்டு உத்தரவு வாங்கினால்தான் விடுவிப்பார்கள். ஜூலி சொன்ன அதே அலைச்சல். முதிர்கிற நாளில் போய்க் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

25 டிசம்பர்

காமினி வீட்டில் சாப்பிட்டேன். அவர்களுக்குக் கிறிஸ்மஸ் கிடையாது, எனக்காகக் கேக் வாங்கியிருந்தார்கள்.

12 மார்ச் 2026, வியாழன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போனேன். சான்றிதழ் சட்டைப் பையில் இருந்தது. ஷர்மினிதான் இருந்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி வரலையா?"

கையைப் பைக்குக் கொண்டுபோனேன். "வரலைம்மா" என்றேன்.

"ஐயோ, அவங்க இல்லாம எடுக்க முடியாதே. ரெண்டு பேரும் வரணும்னு நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க. எடுக்கலன்னா இன்னிக்கு அதுவே மறுபடி பன்னெண்டு மாசத்துக்கு ஓடிரும். பரவாயில்லையா?"

எல்லாவற்றுக்கும் விதி பேசுகிறவன் நான். ஒரு படிவத்தில்கூடத் தப்பாக எழுதியதில்லை. கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ஓடட்டும்" என்றேன்.

ரசீதை அச்சடித்துக் கொடுத்தாள். முதலில் என் பெயர், பக்கத்தில் ஜூலியின் பெயர். மற்ற எல்லா இடத்திலும் அவள் பெயரை எடுத்துவிட்டார்கள், வீட்டு வாடகைப் பத்திரத்தில், இன்சூரன்சில், என் வேலை அனுமதியில். ரசீதை மடித்துச் சான்றிதழோடு வைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் சொல்லிக்கொள்ளலாம்.

எழுந்திருக்கும்போது ஷர்மினி, "ஆன்ட்டியை நான் கேட்டேன்னு சொல்லுங்க அங்கிள்" என்றாள்.

பள்ளிவாசலில் கஞ்சி வாங்கினேன். ஷேக் அலாவுதீன் அக்காவுக்கு என்று ஒரு கரண்டி கூடவே ஊற்றினார், வாங்கிக்கொண்டேன். வருகிற வழியில் கல்லறையில் இறங்கி, ஷர்மினி கேட்டதை ஜூலியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.